வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளும் சிறார் கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து நூலகங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்பவர்களில் பெற்றோர் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. சிறார் கதை எழுத உட்கார்ந்து பாதியில் நின்றவர்களே அதிகம். கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

1. ஹோம்ஸ்கூலிங்னா சரியா என்னங்க? ஸ்கூலுக்குப் போகாத புள்ளைங்க எல்லாருமே அதுல வருவாங்களா?

வரமாட்டார்கள். பள்ளி வேண்டாம் என்று குடும்பம் யோசித்து முடிவெடுத்து, படிப்பின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டால்தான் அது வீட்டுவழிக் கல்வி. அறுவடைக் கூலிக்குப் போய் ஏழாம் வகுப்போடு நின்ற பையன் இடைநின்ற பிள்ளை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடம் வீட்டிலிருந்து படிக்கும் சிறுமியின் நிலை வேறு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின் போனில் பாடம் கேட்டது பள்ளிப் படிப்புதான், இடம் மட்டும் மாறியது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்த திட்டம். பெயரில் இல்லம் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

கதை எழுதுபவருக்கு இந்தப் பிரிவு முக்கியம். இடைநின்ற பிள்ளைக்குப் பள்ளிதான் விடுதலை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பிவிட்டால் முதல் அத்தியாயத்திலேயே கதை தடம் மாறிவிடும்.

2. சிறார் கதைங்கள்ல இந்தப் புள்ளைங்க பொதுவா எப்படி வர்றாங்க?

பெரும்பாலும் நான்கு அச்சில் வருகிறார்கள். எதையும் ஒரே மூச்சில் சொல்லும் மேதை. யாரோடும் ஒட்டாமல் சுவரோரம் நிற்கும் கூச்சக்காரர். உலகம் தெரியாத அப்பாவி. அப்புறம், யாருக்கும் அடங்காத காட்டுக்குதிரை.

ஆங்கிலத்தில் பேர்பெற்ற மூன்று நாவல்களைப் பாருங்கள். 2000இல் வந்த 'ஸ்டார்கேர்ள்' நாயகி அதுவரை வீட்டில் படித்தவள். உகுலேலேயைத் தூக்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறாள், பள்ளியே திகைக்கிறது. 2007இல் வந்த 'ஸ்கூல்டு' கதைப் பையன் பாட்டியிடம் ஊருக்கு ஒதுக்குப்புறமான பண்ணையில் வளர்ந்தவன். பாட்டி மரத்திலிருந்து விழுந்து அடிபட, அவன் பள்ளிக்குப் போக நேர்கிறது. அங்கே கேலிக்காகவே அவனை மாணவர் தலைவனாக்குகிறார்கள். 2012இல் வந்த 'வொண்டர்' சிறுவனுக்கு முகத்தில் பிறவிக் குறைபாடு, பல அறுவை சிகிச்சைகள். அம்மாவிடம் படித்தவன் ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளிப் படி ஏறுகிறான்.

மூன்றும் அன்போடு எழுதப்பட்டவை, பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூன்றிலும் பிள்ளை பள்ளிக்குள் வந்த பிறகுதான் கதைக்கு உயிர் வருகிறது. வீட்டில் கழிந்த வருடங்கள் முன்கதையாகச் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. என்ன படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்பது வாசகர் கண்ணில் படுவதே அபூர்வம்.

3. ஏன் எல்லாக் கதையும் ஸ்கூல் வாசல்லயே ஆரம்பிக்குது?

எழுதுபவருக்கு அது வசதி. பள்ளி என்றால் முப்பது பிள்ளைகள் ஒரே அறையில் தயாராக இருப்பார்கள். மணி அடிக்கும், இடைவேளை வரும், நண்பனும் எதிரியும் பக்கத்துப் பெஞ்சிலேயே கிடைப்பார்கள். புதிதாக வருபவரைக் கொண்டு அந்த உலகத்தை விளக்குவதும் எளிது. படிக்கும் பிள்ளைக்கும் பள்ளி பழகிய இடம்.

வீட்டுக்குள் கதை நடந்தால் இந்த வசதி எதுவும் கிடையாது. ஆளும் மோதலும் வெளியிலிருந்து வர வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற வாக்குவாதம், தேருக்கு வடம் வந்து இறங்கும் நாள், ஊர்ப்புற நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவது, இதெல்லாம் ஒரு பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும்.

4. பழைய கதைகள்ல எப்படி இருந்துச்சு? அப்பல்லாம் வீட்லதானே படிச்சாங்க?

பழையவற்றில் சில இன்றைய கதைகளைவிட இயல்பாக இருக்கின்றன. 1868இல் வெளிவரத் தொடங்கிய 'லிட்டில் விமன்' நாவலில் பெத் கூச்சம் மிகுந்தவள், வீட்டிலேயே படிக்கிறாள். கடைக்குட்டி ஏமி பள்ளிக்குப் போகிறாள். அங்கே பிள்ளைகளுக்குள் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து வாங்குவது ஒரு மோகம். வாத்தியார் அதைத் தடை செய்திருக்கிறார். ஏமியின் மேசையில் இரண்டு டஜன் இருப்பது தெரிந்ததும், இரண்டிரண்டாக ஜன்னல் வழியே வீசச் சொல்லி, உள்ளங்கையில் அடித்து, எல்லோர் முன்னும் நிற்க வைக்கிறார். அம்மா அவளை நிறுத்திவிட்டு, தினமும் பெத்தோடு உட்கார்ந்து படி என்கிறாள். அதே மூச்சில், நீ விதியை மீறியதும் தப்புதான் என்று மகளிடம் சொல்லவும் தயங்கவில்லை. பள்ளியை விடுவது அங்கே தியாகமும் இல்லை, புரட்சியும் இல்லை. ஒரு வீடு நிதானமாக எடுத்த முடிவு.

இன்னொரு பழைய நாவலான 'ஹைடி'யில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. மலையில் தாத்தாவோடு வளரும் ஹைடிக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்குப் போகும் ஆட்டுக்காரப் பையன் பீட்டருக்கும் வாசிக்க வரவில்லை. பிராங்க்பர்ட் நகர வீட்டில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தும் வராத எழுத்து, அங்கே ஒரு பாட்டி படப்புத்தகம் காட்டியபோது அவளுக்கு வசப்படுகிறது. ஊர் திரும்பியபின் பீட்டருக்கு அவளே வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பள்ளியா வீடா என்று கட்சி கட்டாமல், வாசிப்பு எப்போது பிடிபடும் என்பதையே அந்தக் கதை கவனிக்கிறது.

5. நம்ம ஊர்ல இது புதுசாங்க? தமிழ்ல இப்படிக் கதை எங்க தேடுறது?

பள்ளிக்கூடம் என்ற கட்டடத்துக்கு வெளியே படிப்பது டெல்டாவுக்குப் பழக்கமானதுதான். உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர் தந்தையிடமும் ஊர் ஊராகப் பல ஆசிரியர்களிடமும் பாடம் கேட்டு, பிறகு மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 'என் சரித்திரம்' கதை இல்லை, தன்வரலாறு. ஆனாலும் ஆசிரியரைத் தேடி அலைவது எப்படி இருக்கும் என்று எழுத நினைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. அந்தக் காலத்தைப் பொன்னாக்கியும் எழுதிவிடக் கூடாது. திண்ணைப் பள்ளியில் பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. எந்தச் சாதிப் பிள்ளை திண்ணையில் ஏற முடிந்தது என்ற கேள்வியும் கூடவே வரும்.

தமிழ்ச் சிறார் கதையில் பள்ளியில்லாத நாள் எப்படி இருக்கும் என்று பார்க்க, கோடை விடுமுறைக் கதைகளைத் தேடுங்கள். மே மாதம் தாத்தா ஊருக்குப் போகும் பிள்ளைகள் ஆற்றிலும் தோப்பிலும் தாமாகக் கற்றுக்கொள்ளும் கதைகள் நம்மிடம் நிறைய. ஜூன் வந்ததும் கதை முடிந்துவிடும். அந்த ஜூனிலும் பிள்ளை அங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கினால் நம் மண்ணின் வீட்டுப்படிப்புக் கதை கிடைக்கும்.

6. ஒரு கதை இவங்கள சரியா காட்டியிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாங்கள் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? புத்தகத்தை மூடிவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். இயற்கையோடு வளர்ந்தான், சுதந்திரமாகக் கற்றான் என்ற மாதிரி வாசகம்தான் நினைவுக்கு வருகிறது என்றால் அவர் எட்ட நின்று எழுதியிருக்கிறார்.

பத்து மணி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி. ஜூன் மாதம், குறுவைக்கு விதைநெல் தேர்வு. பதினொரு வயதுப் பெண் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு முட்டையை மெதுவாக விடுகிறாள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். முட்டை மேலே வந்து, பழைய நாலணா அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். பத்து லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். பிறகு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். ஆனால் அன்றைக்கு உப்பு ஒரு பிடிகூடப் போடாமலே முட்டை மிதக்கிறது. அவளுக்குப் புரியவில்லை. உப்பு போட்ட வாளியோ என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். நல்ல தண்ணீர்தான். இன்னொரு முட்டையை விடுகிறாள், அது மூழ்குகிறது. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாய் திறக்கவில்லை. பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருக்கும், அதனால் மிதக்கும் என்பதை மகள் எட்டிப் பிடிக்க அரைமணி ஆகிறது. அதற்குள் நெல்லைக் கொட்டியிருந்தால், வெறும் தண்ணீரில் மூழ்கிய அரைகுறை மணியெல்லாம் விதை என்று நாற்றங்காலுக்குப் போயிருக்கும்.

இதில் அடர்த்தி இருக்கிறது, அளவு இருக்கிறது, தப்பு இருக்கிறது, தப்பைக் கண்டுபிடிக்க நேரமும் இருக்கிறது. அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். இப்படி எழுதும்போது வேலையின் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் விவசாய வீட்டு வாசகர் உங்களை அங்கேயே விட்டுவிடுவார்.

7. வீட்டுலயே இருந்தா நாலு பேரோட பழகத் தெரியாதே? கதையில அப்படிக் காட்டுறது உண்மைதானே?

பழகத் தெரியாமை பெரும்பாலும் சுபாவத்தைப் பொறுத்தது. பள்ளி போகும் கூச்சக்காரப் பிள்ளைகளும் நிறைய உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளை பெரியவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் சரளமாகப் பேசுவதையே அதிகம் பார்க்கலாம், கலந்த வயதில் வளர்வதால்.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை தெருவில் சம வயது ஆள் கிடையாது. நாலரைக்கு சைக்கிள்கள் வந்தாலும் ஐந்து மணிக்கு டியூஷன். ஆக வாரத்தில் முழுசாகக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். வெளியே போனால் ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் "என்ன பாப்பா, இன்னைக்கு லீவா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பதில் வைத்திருக்கும். சிலது "ஆமாம் தாத்தா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும், சிலது நின்று விளக்கும். எந்தப் பதில் என்று முடிவு செய்தாலே பாத்திரம் பாதி பிடிபட்டுவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் மழை லீவு வருமே, அதை யோசியுங்கள். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் விடியற்காலையே "கலெக்டர் லீவு விட்டாச்சா?" என்று போன் பறக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு யாரும் லீவு விடப்போவதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் காலை பத்து மணிக்குத் தெரு நிறைய நண்பர்கள். அதனால் தெருவில் எல்லோரையும்விட ஆவலாக டிவி முன் உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். 1945இல் ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் படைத்த கதைச் சிறுமி பிப்பிக்கும் இதே ஆதங்கம். பள்ளிக்கே போகாதவளுக்கு கிறிஸ்துமஸ் லீவும் கிடையாதே என்ற பொருமலில்தான் ஒருநாள் வகுப்புக்குப் போகிறாள்.

8. அவங்கல்லாம் ரொம்பப் புத்திசாலியா இருப்பாங்கன்னு எழுதலாமா?

ஒரு பிள்ளை அப்படி இருக்கலாம். எல்லாப் பிள்ளையும் அப்படியே வருவதுதான் சிக்கல். ஒன்றில் ஆழமும் இன்னொன்றில் பெரிய ஓட்டையும் இருப்பது வழக்கம். பறவைகளை இறகு பார்த்தே சொல்பவனுக்கு வகுத்தல் தடுமாறும். ஓட்டையையும் எழுதுங்கள்.

9. சட்டப்படி இது செல்லுமா? தப்பான தகவல் எழுதிடுவேனோன்னு பயமா இருக்கு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டிய பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் 10ஆம் பிரிவு சொல்கிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது, மற்றபடி வீட்டுவழிக் கல்வி என்ற பேச்சே சட்டத்தில் வரவில்லை. எனவே போலீஸ் வந்து அப்பாவை ஜீப்பில் ஏற்றும் காட்சி வேண்டாம். அரசு அனுமதிச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதாகவும் எழுத வேண்டாம்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. 1989இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை எல்லோரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். பத்தாம் வகுப்புக்கு இணையான அதன் தேர்வுக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம், பாடம் பாடமாகவும் முடிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவது இன்னொரு வழி. ஊர்ப் பேச்சில் 'பிரைவேட்டா எழுதுறது'. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பதின்மூன்று வயது நாயகன் பத்தாவது எழுதி மாவட்டமே வியக்கிறது என்ற திருப்பம் இங்கேதான் அடிபடும்.

10. ஒரு அதிகாரி வந்து மிரட்டுற மாதிரி சீன் வச்சா விறுவிறுப்பா இருக்குமே?

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு உண்மையில் நடக்கிறது. கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. கையில் பட்டியல், சித்திரை வெயில், இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. அவர் கவலையும் நியாயமானது. முதல் கேள்வியில் சொன்ன இடைநின்ற பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அவர் அலைகிறார். மோர் கொடுத்து உட்கார வைத்தால், "சரிம்மா, எமிஸ்ல என்னன்னு போடட்டும்?" என்று கேட்பார். எமிஸ் என்பது பள்ளிப் பிள்ளைகளின் விவரம் ஏறும் அரசு இணையப் பதிவேடு. அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் விடை தெரியாமல் விழிப்பதில் மிரட்டலைவிடப் பெரிய நாடகம் இருக்கிறது.

11. பன்னெண்டு வயசுல ஸ்கூல்ல சேர்ந்தா எந்த கிளாஸ்ல போடுவாங்க? டெஸ்ட் வைப்பாங்களா?

வயதுக்கேற்ற வகுப்பு என்பது சட்டம். பன்னிரண்டு வயது என்றால் ஏழாம் வகுப்பு. பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும், கீழ் வகுப்பில் போடக் கூடாது. சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதும் தடை. எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. நடைமுறையில் முணுமுணுப்பு இருக்கும், இழுத்தடிப்பு இருக்கும், அதை எழுதலாம். நுழைவுத் தேர்வில் நாயகி நூற்றுக்கு நூறு வாங்கித் தலைமை ஆசிரியரை வாயடைக்க வைக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். அது இரண்டாவது கேள்வியில் சொன்ன மேதை அச்சின் இன்னொரு வேடம்.

12. சிலை செய்யற வீட்டுப் பையன் வீட்டுலயே தொழில் கத்துக்கறதா எழுதினேன். இது குலக்கல்வின்னு திட்டுறாங்க. நான் என்ன பண்றது?

திட்டுபவர்களின் அச்சம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1953இல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று திட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அந்த நினைவு இருக்கும் மண்ணில், அப்பா தொழிலையே மகன் வீட்டில் கற்பதை அழகான படமாக மட்டும் வரைந்தால் வாசகர் சும்மா விடமாட்டார். விடவும் கூடாது.

அதற்காக சுவாமிமலைப் பட்டறையைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. யார் முடிவு செய்தது, பிள்ளைக்கு வேறு என்னென்ன படிக்கக் கிடைக்கிறது, வேண்டாம் என்றால் எழுந்து போக முடியுமா, இந்த மூன்றுக்கும் கதைக்குள் பதில் இருக்கட்டும். விவசாயக் கூலி வீட்டுச் சிறுமி பட்டறைக்கு வந்து கற்பதாக வைத்துப் பாருங்கள், ஸ்தபதி மகனுக்குத் தவளைகள்மேல் பித்து என்று வையுங்கள். பிறப்பும் படிப்பும் பிரிந்துவிட்டால் கதைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

வேலையிலும் கவனம் வேண்டும். மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டல் பூசுவது, பிறகு மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது என்று படிகள் போகும். உருகிய உலோகத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் வேலையைத் தடுக்கிறது. குடும்பத் தொழிலில் உதவலாம், அதுவும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் மட்டும். சிறு பிள்ளைக்கு உகந்த இடம் ஓலை மடிப்பு. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்கில் பிரிப்பார்கள், தாளம் என்பது சிலையின் முக நீளத்தை அலகாகக் கொண்ட அளவு. பாதி, கால், அரைக்கால் எளிதில் வரும். ஒன்பது பாகம் வேண்டுமென்றால் முதலில் மூன்றாக மடிக்க வேண்டும், அந்த மூன்றாம் பாகம் முதல் தடவை யாருக்கும் சரியாக அமையாது. பின்னக் கணக்கு ஓலையில் கண்ணுக்குத் தெரியும்.

13. பொம்பளப் புள்ளைய வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறதா எழுதினா தப்பாகுமா?

கவனமாக எழுத வேண்டிய இடம் இது. வயசுக்கு வந்ததும் நிறுத்துவது, மாப்பிள்ளை பார்ப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வைப்பது என்று நிற்கும் படிப்பையும் சில வீடுகள் 'வீட்டுலயே படிக்கிறா' என்றுதான் வெளியே சொல்லும். அதே வார்த்தைதான், உள்ளே இருப்பது வேறு.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சைக்கிள் போதும். அவள் தனியாக நூலகத்துக்குப் போய்த் திரும்ப முடிகிறதா? அண்ணன் உட்கார்ந்து படிக்கும்போது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாளா? ஆறாவது கேள்வியின் பத்து மணிச் சோதனை இங்கேயும் செல்லும். பத்து மணிக்கு அவள் செய்வது முழுக்க வீட்டு வேலை என்றால் நீங்கள் எழுதுவது இடைநிற்றல் கதை. தயங்காமல் அப்படியே எழுதுங்கள், அதற்கும் தேவை இருக்கிறது.

14. ஸ்கூல்ல நடந்த கொடுமையால நிறுத்திட்டாங்கன்னு காரணம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அதையே சாவியாக்கிக் கதையை ஓட்ட வேண்டாம். கெட்ட வாத்தியார், நல்ல அம்மா என்று இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். ஏமியின் அம்மா செய்ததை நாலாவது கேள்வியில் பாருங்கள். அடித்தது தப்பு என்கிறாள், மகளையும் கண்டிக்கிறாள்.

கும்பகோணத்தில் கதை நடந்தால் இன்னொன்று. 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தக் குடும்பங்கள் இங்கேதான் வாழ்கின்றன. ஒரு பாத்திரம் பள்ளிக்குப் பயப்படுவதற்கு அதை அவசரக் காரணமாக ஒரு வரியில் செருகுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை. தொட வேண்டுமென்றால் முழுக்கதையும் அதற்குத் தகுந்த கனத்தோடு இருக்க வேண்டும். முடியாதென்றால் தொடாதீர்கள்.

15. அம்மா வேலைய விட்டாத்தான் இது நடக்கும்ங்கிற மாதிரியே எல்லாக் கதையும் இருக்கே?

உண்மை, பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. கதைகளில் அவள் தெய்வமாகவோ சர்வாதிகாரியாகவோ ஆகிவிடுகிறாள். அலுப்பை எழுதுங்கள். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கணக்கு நோட்டுமாக நிற்பவள் "இப்ப வேணாம்டா, அப்புறம் வா" என்று சொல்லும் நாள் எத்தனையோ. தாத்தா சொல்லும் பாசனக் கணக்கு, அத்தை தரும் இங்கிலீஷ், பிள்ளை தானாகப் படிப்பது என்று பாரம் பிரிவதையும் காட்டலாம். ஒரு நாளில் உட்கார்ந்து படிக்கும் நேரம் எட்டு மணி இல்லை. ஒருவருக்கு ஒருவர் என்பதால் இரண்டு மூன்று மணியில் முடிந்துவிடும். இது தெரியாமல் வீட்டுக்குள் கரும்பலகையும் மணியும் வைத்து எழுதுகிறார்கள்.

16. கடைசில அந்தப் புள்ளைய ஸ்கூல்ல சேர்த்துட்டாத்தான் கதை முடிஞ்ச மாதிரி இருக்குமா?

அப்படி ஒரு பழக்கம் விழுந்துவிட்டது. மூன்றாவது கேள்வியில் சொன்ன வாசல்தான் கடைசிப் பக்கத்திலும் வந்து நிற்கிறது. பிள்ளையே ஆசைப்பட்டுச் சேர்ந்தால் அது நல்ல முடிவு, உண்மையிலும் பலர் ஒன்பதாவதிலோ பதினொன்றாவதிலோ சேர்கிறார்கள். ஊரார் வாயை அடைக்க ஆசிரியரே சேர்த்துவிட்டால் அதுவரை எழுதியது எல்லாம் நோயாகவும் பள்ளி மருந்தாகவும் ஆகிவிடும்.

நம் பக்கத்துக் காலம் வேறு முடிவுகளைத் தருகிறது. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். பள்ளி திறப்பதும் அதே மாதம். ஒரு ஜூனில் தொடங்கிய கதை அடுத்த ஜூனில், வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் நிற்கலாம். போன வருடம் செய்யத் தெரியாத ஒன்றை இப்போது அந்தப் பிள்ளை கூப்பிடாமலே செய்கிறது என்பது போதும்.

17. இதைப் படிச்சிட்டு எம்பையன் 'நானும் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்'னு சொன்னா?

இரண்டு நாள் சொல்லுவான். "சரிப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு என்ன செய்வே?" என்று கேளுங்கள், கோபமில்லாமல், பதிலைக் கேட்கும் ஆசையோடு. தூங்குவேன் என்றால் அலுத்துப்போயிருக்கிறான். எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்றால் அதைச் சனிக்கிழமை செய்ய இடம் கொடுங்கள். வயிற்றுவலி, பேச்சுக் குறைவு, புத்தகப்பையைத் தொட மறுப்பது என்று வந்தால் கதையை விட்டுவிட்டுப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

18. எங்க வாசிப்பு வட்டத்துல பதினஞ்சு பேர் ஸ்கூல் புள்ளைங்க, ஒரு பொண்ணு மட்டும் வீட்டுல படிக்கிறா. இந்த மாதிரி கதைய எடுத்தா அவளுக்குச் சங்கடமா இருக்காதா?

இருக்கும், அவளைப் பார்த்து "நீ சொல்லும்மா, இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டால். ஒருபோதும் கேட்காதீர்கள். அவள் அங்கே வாசகியாக வந்திருக்கிறாள், சாட்சி சொல்ல வரவில்லை. வேறு இரண்டு மூன்று கதைகள் முடிந்து எல்லோரும் பழகியபின் இதை எடுங்கள். முந்தின வாரமே அவளிடம் மட்டும் புத்தகத்தைக் கொடுத்து, வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு எல்லோருக்கும் துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம். பள்ளி இல்லாத ஒரு நாளில் காலை பத்து மணிக்கு என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி எழுதச் சொல்லி, கலந்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்து வாசிக்க வையுங்கள். பதினாறு சீட்டில் அவளுடையது எது என்று தெரியாது. பிறகு கதைக்குள் போகலாம். அவளாக வாய் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் அடுத்த வாரம் எந்தப் புத்தகம் என்பதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.